முதலில் குழந்தைகள் அறையைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் எங்கள் வட்டாரத் தொழிலாளர் மேம்பாட்டு வாரியத்தில் உறுப்பினராகியிருக்கிறேன். தொழில் நடத்துபவன் நான். உறுப்பினர்களுக்குத் தரும் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: வேலைவாய்ப்பு வாரியத்துக்கும் தொட்டிலுக்கும் என்ன தொடர்பு என்று குழம்ப வேண்டாம். பிள்ளையை விட இடமில்லாத தாய் எப்படி வேலைக்குப் போவாள்? அதனால்தான் அங்குள்ள 28 வாரியங்களும் குறைந்த வருமானப் பெற்றோருக்கான குழந்தைப் பராமரிப்பு மானியத்தை நிர்வகிக்கின்றன. குழந்தைப் பராமரிப்பு அறிந்த ஒருவராவது வாரியத்தில் இருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். பயிற்சியில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள்.

நான் அங்கே பல ஆண்டுகள் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம் நடத்தியவள். ஒரு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. ஐந்தாவது குழந்தை வந்தால் இன்னொரு சம்பளம். ஒருமுறை மானியத் தொகை வந்துசேரத் தாமதமானது. அந்த வாரச் சம்பளத்துக்கு என் வளையலை அடகு வைத்தேன். பயிற்சியில் கொள்கை விளக்கப் படங்களைக் காட்டுவார்கள், பாருங்கள். ஆனால் பணம் எத்தனை நாளில் காப்பகத்தின் கைக்குப் போகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

காப்பகங்களுக்கான டெக்சாஸ் ரைசிங் ஸ்டார் தர மதிப்பீட்டில் இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரங்கள் உண்டு. அவற்றின் வித்தியாசம் காகிதத்தில் புரியாது. காலை ஏழு மணிக்கு ஒரு காப்பகத்துக்குப் போய், அழுகிற குழந்தையை யார், எவ்வளவு நேரத்தில் தூக்குகிறார்கள் என்று பாருங்கள்.