கஸ் கார்சியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்ஸாஸ் வழக்கறிஞர் கஸ் கார்சியாவைப் பற்றிப் படித்தேன். மெக்சிகோ வம்சாவளியினருக்காக 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றவர், பத்தே ஆண்டில் குடியால் அழிந்து சான் அன்டோனியோ சந்தை பெஞ்சில் இறந்துபோனார். வயது 48. மேதைகளின் விதியே இதுதானா? அவர் வாதாடியதும் ஒரு கொலைகாரனுக்காக. அவருடைய மரபு என்று எதைச் சொல்வது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் வருத்தம் புரிகிறது. அப்படிச் சாக வேண்டிய ஆள் இல்லை அவர். ஆனால் ‘மேதைகளின் விதி’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. குடிநோய் மூட்டை தூக்குகிறவரையும்தான் கொல்கிறது. அவருக்காக யாரும் இப்படி உருகிக் கடிதம் போடுவதில்லை.

கொலை விஷயம் இருக்கட்டும். டெக்ஸாஸின் எட்னா என்ற சிற்றூரில் ஜோ எஸ்பினோசாவைச் சுட்டது கார்சியாவின் கட்சிக்காரர் பீட் ஹெர்னாண்டஸ்தான். உச்ச நீதிமன்றம் பழைய தண்டனையை ரத்து செய்த பிறகு நடந்த மறுவிசாரணையிலும் தண்டனை பெற்றார். உச்ச நீதிமன்றம் போன வழக்கு, அவர் குற்றவாளியா என்று முடிவுசெய்த ஜூரியைப் பற்றியது, அதாவது ஊர்க்காரர்களிலிருந்து பொறுக்கி உட்காரவைக்கும் நடுவர் குழுவைப் பற்றியது.

சரி, கார்லோஸ் கடேனா என்ற பெயர் உங்கள் கண்ணில் பட்டதா? கொஞ்ச நாளாக நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சட்டப் பேராசிரியர். அந்த வழக்கின் மூளை.

எட்னா இருக்கும் ஜாக்சன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்களில் 14 சதவீதம் மெக்சிகோ வம்சாவளியினர். 25 ஆண்டுகளில் அவர்களில் ஒருவர்கூட ஜூரியில் உட்காரவில்லை. அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? சட்டத்தின் கண்ணில் வெள்ளையர், கறுப்பர் என்று இரண்டே வகை, இவர்கள் வெள்ளையர், ஜூரியும் வெள்ளையர், பாகுபாடு எங்கே? ‘நாங்களும் வெள்ளையர்தான்’ என்பது அந்தச் சமூகத் தலைவர்களே பல காலம் பிடித்துத் தொங்கிய வாதம். இப்போது அதைக் கொண்டே கதவைச் சாத்தினார்கள். இதை ஆவேசப் பேச்சால் உடைக்க முடியாது. காகிதத்தில் எப்படி எழுதியிருந்தாலும், இந்த ஊர் எங்களைத் தனியாகத்தான் ஒதுக்குகிறது என்று நிரூபித்தாக வேண்டும். நிரூபித்தார்கள். மெக்சிகோக்காரர்களுக்குப் பரிமாற மாட்டோம் என்று பலகை வைத்த உணவகம். முதல் நான்கு வகுப்புகளுக்குத் தனிப் பள்ளி. அப்புறம் அந்த நீதிமன்ற வளாகத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள்: ஒன்றில் எழுத்தே இல்லை, இன்னொன்றில் ‘கறுப்பு ஆண்கள்’, கூடவே ஸ்பானிய மொழியில் ‘ஆண்கள் இங்கே’. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய ஒருமனதான தீர்ப்பில் இவை எல்லாம் இருக்கின்றன. இரண்டே வாரத்தில், பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது செல்லாது என்ற பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்து இதை மறைத்துவிட்டது.

கார்சியாவும் கடேனாவும் சேர்ந்துதான் வாதாடினார்கள். கார்சியாவுக்கு வாதாட நீதிபதிகள் கூடுதலாகப் பதினாறு நிமிடம் கொடுத்தார்களாம். அந்தக் கதையைச் சொல்லாதவர் இல்லை. ஒரு காலத்தில் நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சீனியர் கோர்ட்டில் முழங்கிவிட்டு வெளியே வந்தால் கைகுலுக்கக் கூட்டம் நிற்கும். ராத்திரியெல்லாம் விழித்துக் குறிப்பு எழுதிய ஜூனியர், பின்னால் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு வருவார். அவர் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். எனக்கு அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இதனால் கார்சியாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1948லேயே டெக்ஸாஸின் பாஸ்ட்ராப் பள்ளி வழக்கில், தனியே ஒதுக்கப்பட்ட மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்காக நின்றவர் அவர். மரபைத்தானே கேட்டீர்கள்? ஹெர்னாண்டஸ் வழக்கின் வழக்கறிஞர் குழுவில் ஜேம்ஸ் டி ஆண்டா என்ற இளைஞர் இருந்தார். 1970இல் கார்பஸ் கிறிஸ்டி பள்ளி வழக்கில், பிரவுன் தீர்ப்பின் பாதுகாப்பு மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கும் உண்டு என்று தீர்ப்பு வாங்கியவர் அவர்தான். அடுத்து அவரைப் படியுங்கள்.