எய்ட்ஸ் கிருமியின் வயது

கேள்வி: எய்ட்ஸ் நோய் 1981-இல் அமெரிக்காவில்தான் முதலில் பதிவானது. அப்படியிருக்க, அக்கிருமி அதற்கும் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் மனிதரிடையே பரவத் தொடங்கியதாக எவ்வாறு கணிக்கிறார்கள்?

பதில்: வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் மரபணுவில் எழுத்துப்பிழைகள் விழுகின்றன, எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. இதில் மிகவும் கவனக்குறைவான எழுத்தர். பிழைகள் சேரும் வேகம் தெரிந்தால், இரு மாதிரிகள் எப்போது ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தன என்பதைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

இதற்குப் பழைய மாதிரிகள் தேவை. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், இன்று கின்ஷாசா எனப்படும் நகரில் 1959-இல் எடுத்த இரத்தம் ஒன்றும், அங்கேயே 1960-இல் ஒரு பெண்ணின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து, மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைத்திருந்த சிறு திசுத்துண்டு ஒன்றும் கிடைத்தன. மெழுகிலிருந்த மரபணு நொறுங்கிப்போயிருந்ததால், துணுக்குத் துணுக்காகத்தான் அதைப் படிக்க முடிந்தது. ஓராண்டே இடைவெளியுள்ள அவ்விரு மாதிரிகளுக்கும் இடையே ஏறத்தாழ 12 விழுக்காடு வேறுபாடு இருந்தது. அவ்வளவு பிழைகள் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். உயிரியலாளர் மைக்கேல் வோரோபி குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பொது மூதாதையின் காலத்தை 1884-க்கும் 1924-க்கும் இடையில் வைத்தது.

எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதற்கான விடை, காட்டுத் தரையில் பொறுக்கிய சிம்பன்சிகளின் சாணத்தில் இருந்தது (அருவருப்பான வேலைதான், ஆனால் விலங்குக்குத் துன்பமில்லை). உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.க்கு மிக நெருங்கிய உறவுள்ள வைரஸ், தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்சிகளிடம் இருப்பதாக 2006-இல் தெரியவந்தது. வேட்டையாடியவர்களின் காயங்களில் அவற்றின் இரத்தம் பட்டதே வைரஸ் மனிதருக்குத் தாவியதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.