சென்சாரை மாற்றியும் அணையாத செக் எஞ்சின் விளக்கு

கேள்வி: அண்ணாச்சி, என்னுடையது 2014 மாடல் காமன் ரெயில் டீசல் பிக்கப். களக்காட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு வாழைத்தார் லோடு அடிக்கிறேன். செக் எஞ்சின் விளக்கு விடாமல் எரிகிறது. ஸ்கேனரில் பி0401 என்ற கோளாறுக் கோடு (எண்) வருகிறது. காற்று அளக்கும் சென்சாரைப் புதிதாக மாற்றினோம். அந்தக் கோடை அழித்தால் விளக்கு இரண்டு நாளில் திரும்ப எரிகிறது. பணகுடி தாண்டினால் இழுவையும் குறைகிறது. இப்போது புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வை மாற்றச் சொல்கிறார்கள். சிலர் அதை அடைத்துவிடலாம் என்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. வால்வுக்குக் காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இ.ஜி.ஆர். வழியாக எஞ்சினுக்குத் திரும்பவேண்டிய புகை போதுமான அளவு போகவில்லை என்பதுதான் பி0401. வால்வு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. உங்கள் வண்டி மாதிரியான பல டீசல்களில் அந்தப் புகையை நேரடியாக அளக்க எதுவும் கிடையாது. வால்வு திறந்தால் புகை உள்ளே வரும், அந்த அளவுக்கு வெளிக்காற்று குறைவாக இழுக்கப்படும். ஏர் ஃபில்டருக்கு அடுத்திருக்கும் காற்று சென்சாரில் அந்தக் குறைவு தெரிகிறதா என்றுதான் எஞ்சினின் கம்ப்யூட்டரான இ.சி.எம். பார்க்கிறது. தெரியாவிட்டால் விளக்கைப் போட்டுவிடும். வால்வில் கரி அடைத்தாலும், வால்வைத் திறக்கும் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) பற்றாவிட்டாலும், வயர் அறுந்தாலும், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் ஹோஸில் காற்று கசிந்தாலும் இதே கோடு வரலாம். கோடின் பெயரைப் பார்த்துப் பாகம் மாற்றினால் செலவு தீராது. வெறுமனே அழித்துவிடுவதோ, தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டுக் காய்ச்சல் போயிற்று என்பது மாதிரி.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது பணகுடிதான். அதற்கு அப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும், ஆடியில் கேட்கவே வேண்டாம். முழு லோடு, எதிர்காற்று, மிதித்த ஆக்சிலரேட்டர் என்று டர்போ முழு அழுத்தத்தில் ஓடும் இடம் அது. ஹோஸில் விரிசல் இருந்தால் ஊருக்குள் தெரியாது, அங்கேதான் விரிந்து கசியும். கசிகிற காற்றும் சென்சார் வழியாகத்தான் வந்திருக்கும். அதனால் சென்சார் அதிகக் காற்று காட்டும், இ.சி.எம். கணக்கு தவறும். இழுவை குறையும்போது கரும்புகையும் வந்தால் என் சந்தேகம் இங்கேதான்.

எஞ்சின் ஆறியபின் டர்போவிலிருந்து காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சின் வரை ஹோஸ் முழுவதையும் கையால் தடவுங்கள். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய் ஈரமும் அதில் புழுதி ஒட்டிக் கறுத்த திட்டும் இருந்தால் கசிவு அங்கே இருக்கக்கூடும். ஹோஸின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டு அமுக்கினால் வெடிப்பு வாய் திறக்கும். தேரிப் பக்கம் போய்வரும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். செம்மண் அடைத்துக்கொண்டால் காற்றுக் கணக்கே மாறிவிடும்.

அடுத்தது எலி. வாழைத்தார் வண்டிக்கும் எலிக்கும் உள்ள சொந்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. இ.ஜி.ஆர்., காற்று சென்சார் இரண்டுக்கும் போகும் வயரை அது மாட்டியிருக்கும் கப்ளர் வரை தொடர்ந்து பாருங்கள். கப்ளருக்குள் பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓட, ஸ்கேனரில் காற்று அளவைத் திறந்துவைத்து வயரை லேசாக ஆட்டச் சொல்லுங்கள். எண் குதித்தால் கோளாறு வயரில்தான்.

பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் வால்வைத் திறப்பது வேக்குவம். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கும் அதே வேக்குவம் பம்ப்தான், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். பிரேக் பெடல் சமீபமாகக் கட்டையாக இருக்கிறதா? இருந்தால் வேக்குவம் பம்பையும் அதன் ரப்பர் குழாய்களையும் உடனே பாருங்கள். அது விளக்குப் பிரச்சினை மட்டுமல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தால் வால்வைக் கழற்றலாம். பாதி வழியை அடைக்கும் அளவுக்குக் கரி படிந்திருப்பது சாதாரணம். கரி படிந்த இடத்தில் மட்டும் கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு பிரஷ்ஷால் எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடம் கீறிவிடும். மாட்டும்போது கேஸ்கெட் புதிது போடுங்கள். அப்படியும் வால்வு அசையவில்லை என்றால்தான் புதியது.

அடைப்பது பற்றிக் கேட்டீர்கள். தகடு வைத்து அடைத்தால் புகை போகாது, போகவில்லை என்றால் பி0401 வரும். எந்த விளக்கை அணைக்கப் போகிறீர்களோ அதுதான் மறுபடியும் எரியும். பல்பைப் பிடுங்கினால் நாளைக்கு வேறு கோளாறு வந்தாலும் தெரியாது. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) என்பதையும் மறக்க வேண்டாம். புகைக்கான பாகத்தை அடைத்துவைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது வம்பு.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். ஐடிலில் வந்ததா, பணகுடி தாண்டி லோடில் வந்ததா என்பது தெரிந்தால் தேடும் வேலை பாதியாகும். இரண்டாவது, பழைய வண்டிப் பழக்கத்தில் எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 1,000 மடங்கு) மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

வேலை முடிந்ததும் கோடை ஒருமுறை அழித்தால் போதும். அழிக்காவிட்டாலும் கோளாறு தொடர்ந்து 3 ஓட்டத்தில் வராவிட்டால் பொதுவாக விளக்கு தானே அணைந்துவிடும். விளக்கு அணைந்தும் பணகுடியில் இழுவை வரவில்லை என்றால், அல்லது டீசல் அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0087 புதிதாக வந்தால், கதை டீசல் பக்கம். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் இல்லையென்றால் ஃபில்டரை மாற்றிவிட்டு, டீசல் பம்ப் சரிபார்க்கும் கடையில் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை (திரும்பி வழியும் டீசலை) பார்க்கச் சொல்லுங்கள்.