கால்பந்து ரசிகர் மேடை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: காரைக்குடியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் நாங்கள். எல்லோரும் லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் கட்சி. இப்போது இருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் துபாயிலும் ஒருவர் லண்டனிலும் இருக்கிறார்கள். நான் மட்டும் ஊரில். சேர்ந்து மேட்ச் பார்க்க நினைத்தால் யாராவது ஒருவர் விட்டுப்போகிறார். போனில் பேசிக்கொண்டே பார்த்தால், என் திரையில் கோல் விழுமுன்னே மற்றவர் கத்திவிடுகிறார்.
– வாசகர், காரைக்குடி

பதில்: கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் மட்டும் கூடுகிற கூட்டாளிகளுக்கு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 38 ஆட்டம் தருகிறது. பேச விஷயம் தேட வேண்டாம், நாளும் தேட வேண்டாம். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் எல்லோரும் வர வேண்டும் என்று விதி போட்டால் இரண்டே மாதத்தில் குழு கலைந்துவிடும். மாதம் இரண்டு ஆட்டத்தை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இங்கிலாந்து நேரம் பகல் 12.30 ஆட்டம்தான் உங்களுக்குப் பொருத்தம். அங்கே குளிர்காலத்தில் அது நமக்கு மாலை 6, சிங்கப்பூரில் இரவு 8.30, துபாயில் மாலை 4.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னுக்கு. கோடையில் எல்லாமே நமக்கு ஒரு மணி நேரம் முந்தி வரும். இந்த இரண்டு வாரங்களில்தான் ஆட்கள் நேரம் தவறுவார்கள்.

பகல் 3 மணி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் லண்டன் நண்பரின் பாடுதான் திண்டாட்டம். மைதானத்துக்குக் கூட்டம் குறையக் கூடாதென்று சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் நேரலை காட்டுவதில்லை. பந்து உதைபடும் ஊரில் இருந்துகொண்டு அவர் உங்களிடம் ஸ்கோர் கேட்பார்!

கோல் முந்தித் தெரிவதற்குக் காரணம் ஒளிபரப்பின் தாமதம். மொபைல் ஆப்பில் வரும் படம் பெரும்பாலும் டிஷ் டிவிக்குப் பின்னால்தான் ஓடும். அரை நிமிடம் பிந்துவது சாதாரணம். ஆட்டம் தொடங்கியதும் ஒவ்வொருவரும் திரை மூலையிலுள்ள ஆட்டக் கடிகாரத்தை வாய்விட்டுப் படியுங்கள். யார் கடைசியோ அவருக்காக மற்றவர்கள் படத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். படத்தை நிறுத்திவைக்கும் வசதி இல்லாத டிவி வைத்திருப்பவரும் ஆப்புக்கு மாறுவது நல்லது. நெட் திணறினால் நேரம் மறுபடி விலகும்; அதனால் இடைவேளைக்குப் பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள். ஸ்கோர் ஆப்களின் அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள், பாதி ரகசியம் அங்கேதான் உடைகிறது.

கேள்வி: பூட்டியிருக்கும் எங்கள் பழைய வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) புரொஜெக்டர் வைத்து இருபது பேர் பார்க்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தாராளமாக. பழைய சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாக இருக்கிறதே என்று அதன்மேல் படம் காட்டாதீர்கள். மெருகேற்றிய பூச்சு என்பதால் நடுவில் வெளிச்சம் தெறித்துப் பந்து மறையும். ஆணியும் அடிக்கக் கூடாது. பூச்சு பெயர்ந்தால் இன்றைக்கு அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது.

கரை மெலிந்த எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டு தூண்களுக்கு நடுவே கயிற்றில் படுக்கைவாட்டில் கட்டுங்கள். அகலம் ஏறக்குறைய 50 அங்குலம் இருப்பதால் 100 அங்குலத் திரை கிடைத்துவிடும். பின்னால் ஒரு கறுப்புப் போர்வை தொங்கினால் வெளிச்சம் ஊடுருவாது. சாதாரண புரொஜெக்டருக்குப் பத்து, பத்தரை அடி தூரம் வேண்டும். முற்றத்து வெளிச்சம் திரையில் விழாத பக்கமாகக் கட்டுங்கள். மாலை 5 மணி ஆட்டமென்றால் வெயில் இறங்கும்வரை படம் மங்கலாகத்தான் தெரியும்.

ஒலிதான் பெரிய தொல்லை. உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையும் சேர்ந்து எதிரொலித்து, வர்ணனை ஒரு வார்த்தை புரியாது. ஜமக்காளத்தைப் பரப்பி, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு அருகில் வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள்.

கரண்ட் போனால் புரொஜெக்டர் (சுமார் 250 வாட்), ரவுட்டர், இரண்டு மின்விசிறி சேர்ந்து 400 வாட் இழுக்கும். நல்ல நிலையிலுள்ள 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும். ஆட்டம் இடைவேளையோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பழைய பேட்டரியை நம்ப வேண்டாம். இன்வெர்ட்டரை யுபிஎஸ் நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் ரவுட்டர் அணைந்து எழுவதற்குள் பெனால்டி முடிந்துபோகும்.

கேள்வி: இடைவேளையில் சுடச்சுட வெள்ளைப் பணியாரம் போடலாமென்கிறாள் என் தங்கை. முடியுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இடைவேளை 15 நிமிடம். வெள்ளைப் பணியாரமோ ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டியது. பத்துப் பேருக்குச் சுட்டு முடிப்பதற்குள் இரண்டாம் பாதி பாதி ஓடியிருக்கும், அடுப்படியில் நிற்பவர் ஆட்டத்தையே பார்க்க முடியாது. தேன்குழல், சீப்புச் சீடை என்று முந்தின நாளே செய்து வைத்துக்கொள்ளுங்கள். ரசிகர் கூட்டத்தில் தங்கைக்கும் இடம் உண்டுதானே?

கேள்வி: தோற்றவுடன் குழுவில் கேலி எல்லை மீறுகிறது. இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள்.
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இறுதி விசில் அடித்து ஒரு மணி நேரம் மீம் கிடையாது என்று ஒரு விதி. கேலி அணியைப் பற்றி இருக்கலாம், ஆளைப் பற்றி ஆகாது என்று இன்னொன்று. காசு கட்டும் பந்தயம் அறவே வேண்டாம்; பெரும்பாலும் சண்டைக்கு வித்து அதுதான். போனவர்களுக்குக் குழுவில் செய்தி போடாதீர்கள். கேலி செய்தவரே தனியாகப் போன் போட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடட்டும்.