மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்: சித்த மருத்துவர் பதில்கள்

டாக்டர், மழைக்குக் கொல்லையில் நிறைய முளைத்திருக்கிறது. கீழாநெல்லிதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. இலைகளுக்கு அடியில் கடுகுபோலப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். இலையைக் கடித்தால் கசக்கும். சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி அடித்த வரப்பிலும் மட்டும் பறிக்காதீர்கள்.

மகனுக்கு 19 வயது, கண் மஞ்சளாக இருக்கிறது. மூன்று நாள் மோரில் கொடுத்தால் போதும் என்கிறார் மாமியார்.

சமூலமாக, அதாவது வேரோடு முழுச் செடியாக அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது நம் வீட்டு வழக்கம்தான். ஆனால், மஞ்சள் என்பது அறிகுறி. நோய் எது என்று முதலில் தெரிய வேண்டும். அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும் கண் மஞ்சளாகும். அடைத்த கல்லைக் கீழாநெல்லி எடுக்காது. மலம் வெளுத்து உடம்பு அரித்தால் ஸ்கேன் அவசியம்.

இன்றே ரத்தப் பரிசோதனை செய்து பிலிருபின் (மஞ்சளின் அளவு), எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் திறன்) பாருங்கள். பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி வழிந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பத்து நாள் மோரிலேயே ஓட்டிவிட்டு, நினைவு தப்பிய பிறகு என்னிடம் தூக்கி வந்த பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்கும் என்று சென்னையில் ஆராய்ச்சியே நடந்ததாமே?

நடந்தது. 1988-ல் தியாகராஜன் குழு லான்செட் இதழில் வெளியிட்டது. அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளும்பெர்க்கும் அதில் ஒருவர். 30 நாள் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை! ஆனால் பிற நாடுகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் ஹெபடைடிஸ் பி-க்கான டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி ஈரலைத் தாக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கலாமா?

இதுவும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் வேண்டாம்.

ஏழு மாதக் கர்ப்பிணி. லேசாக மஞ்சள் தெரிகிறது.

கீழாநெல்லி வேண்டாம் அம்மா. ஹெபடைடிஸ் ஈ (E) வகைக் காமாலை கர்ப்ப காலத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

பிறந்து நான்கு நாளான குழந்தைக்கு ஒரு சங்கு சாறு புகட்டலாமா?

ஒரு சொட்டுகூடக் கூடாது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள்.