எல்சாட் ரீடிங் பகுதி: நான்காவது பாசேஜுக்கு நேரமே இருப்பதில்லை, வேக வாசிப்பு பழகலாமா?

எல்சாட் என்பது அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு. அதில் பாசேஜைப் படித்து விடை தேர்ந்தெடுக்கும் ரீடிங் பகுதியில், மூன்று பாசேஜ் முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது என்கிறார் கேள்வி கேட்டவர். வேக வாசிப்பு வேண்டாம். நான் அதில் முழுசாக ஒரு மாதத்தைத் தொலைத்தவன்.

கணக்கைப் பாருங்கள். 35 நிமிடம், நான்கு தொகுதி (பாசேஜும் அதற்கான கேள்விகளும் சேர்ந்தது ஒரு தொகுதி), மொத்தம் 27 கேள்வி போல வரும். ஒரு தொகுதிக்கு எட்டே முக்கால் நிமிடம். பாசேஜ் ஐந்நூறு வார்த்தை அளவுதான். நிதானமாகப் படித்தாலும் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் நேரம் எங்கே போகிறது? இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பாசேஜை மறுபடி மேலிருந்து துழாவுவதில் போகிறது. பயிற்சித் தேர்வில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. முதல் வாசிப்பில் அரை நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டு, பின்னால் மூன்று நிமிடம் தண்டம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கா வருவதற்கு முன்பு ஊரில் நான்கு வருடம் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். ஒரு நாள் ஒரு தீர்ப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய், நான் பச்சை மையில் கோடு போட்டிருந்த பத்தியைக் காட்டி, "சார், நம்ம கேசுக்கு அப்படியே பொருந்துது" என்றேன். சீனியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலு வரி படித்தார். "ஏம்ப்பா, இது அப்பீல் போட்டவரோட வக்கீல் வாதம். அந்த அப்பீலே தள்ளுபடி ஆயிருக்கு, கடைசிப் பக்கம் பார்த்தியா?" இரு தரப்பு வாதத்தையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத்தான் நீதிபதி தன் முடிவுக்கு வருவார். பேசுவது யார் என்று கவனிக்காவிட்டால், தோற்றவன் வாதத்தையே சட்டம் என்று தூக்கிக்கொண்டு வருவோம்.

எல்சாட் பாசேஜும் அதே ஜாதிதான். என்ன சொல்லியிருக்கிறது என்பதைவிட யார் சொல்கிறார் என்பதில்தான் கேள்விகளில் பாதி நிற்கிறது. இது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

ஒரு குட்டி மாதிரி தருகிறேன், நானே எழுதியது. "கூட்டில் தேனீ ஆடும் நடனம், உணவு இருக்கும் திசையையும் தூரத்தையும் மற்ற தேனீக்களுக்குச் சொல்கிறது என்றார் கார்ல் வான் ஃபிரிஷ். 1960களின் பிற்பகுதியில் சில ஆய்வாளர்கள் இதை மறுத்து, தேனீக்கள் வாசனையைப் பிடித்தே போகின்றன என்றார்கள். பின்னால் நடந்த சோதனைகள் நடனத்தில் தகவல் இருப்பதைக் காட்டின. ஆனாலும் வாசனைக்குப் பங்கே இல்லை என்று தள்ளிவிட முடியாது."

நாலு வரிக்குள் மூன்று குரல். ஃபிரிஷ் ஒன்று, மறுத்தவர்கள் ஒன்று, "ஆனாலும்" என்று வாயைத் திறக்கிற ஆசிரியர் ஒன்று. இப்போது கேள்வி: ஆசிரியர் எதை ஒப்புக்கொள்வார்? "தேனீக்கள் வாசனையைப் பிடித்தே உணவுக்குப் போகின்றன" என்று ஒரு விடை இருக்கும். பாசேஜில் கண்ணால் பார்த்த வரி என்பதால் கை தானாகப் போகும். ஆனால் அது மறுத்தவர்கள் சொன்னது. "மறுத்தவர்களின் கருத்து முழுக்கத் தவறு" என்று இன்னொன்று; அந்த "முழுக்க" ஒன்றே அதைக் கெடுத்துவிடும். "நடனத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது" என்று உப்புச் சப்பில்லாமல் ஒன்று கிடக்கும். அதுதான் சரி. சரியான விடை பெரும்பாலும் இப்படி அடக்கமாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பத்தி முடிவிலும் இரண்டு நொடி நின்று, மனதுக்குள் தமிழிலேயே ஒரு வரி சொல்லிக்கொள்ளுங்கள்: "பழைய கருத்து", "எதிர்ப்பு", "இவர் நடுவில் நிற்கிறார்". தமிழில் சொல்லும்போது ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பித்துத் தப்பிக்க முடியாது, புரிந்தால்தான் வரும். திரையில் ஹைலைட் வசதி இருக்கிறதே என்று வர்ணம் அடிக்காதீர்கள். பெயர்கள், "ஆனால்" வகைச் சொற்கள், போதும்.

கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பாசேஜுக்குப் போகலாமா என்றால், சிலருக்கு ஒத்துவரும். எனக்கு இரண்டையும் தலையில் சுமக்க முடியவில்லை. ஒப்பீட்டுத் தொகுதியில், அதாவது இரண்டு சின்னப் பாசேஜ் சேர்ந்து வருவதில், இரண்டாவதைப் படிக்கும்போதே "இவர் அவரோடு எங்கே ஒத்துப்போகிறார், எங்கே முட்டுகிறார்" என்று பாருங்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நான் அதிகம் தப்பு விட்டது சட்டம் பற்றிய பாசேஜ்களில். எனக்குத் தெரிந்த சட்டத்தை வைத்து விடை எழுதினேன்; பாறை, பறவை என்று வந்தவற்றில் ஒன்றும் தெரியாததால் ஒழுங்காகப் படித்தேன்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். அதனால் நேரம் முடிகிற நேரத்தில் எதையும் காலியாக விடாதீர்கள். பயிற்சிக்கு, தேர்வு நடத்தும் எல்சாக்கின் லாஹப் தளத்தில் பழைய தேர்வுகள் சில இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டு வாரம் கடிகாரத்தை மூட்டை கட்டி வையுங்கள். தினம் இரண்டு பாசேஜ் போதும், ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் மற்ற நாலு விடையும் ஏன் ஆகாது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் "வேறு ஆள் சொன்னது" என்று எழுதியே பேனா தேய்ந்தது.