கோயில் மண்டபத்தில் இது எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நம் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில், ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளிடம் எச்.ஐ.வி. பற்றியும் ஆணுறை பற்றியும் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கு 14 வயது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு? பேசப்பேசக் குளிர் விட்டுப்போகாதா? அதுவும் கோயிலில்!

ஒரு வாசகி, பீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கச்சி,

கோயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆடி மாதம் கூழ் காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்து மண்டபத்தில்தான் பேசுகிறோம். கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அப்புறம் அதில் ஒருவர் தன் பேரனையே கூட்டிக்கொண்டு வந்தார்.

'நம் பிள்ளைகள்' என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் இடறுகிறது. நாட்டிலேயே எச்.ஐ.வி. மிக அதிகமுள்ள மாகாணங்களில் ஒன்று நம் குவாசூலு-நட்டால். உங்கள் பீனிக்ஸை ஒட்டித்தான் குவாமாஷு இருக்கிறது. தனக்கு எச்.ஐ.வி. என்று வெளியே சொன்னதற்காக, 1998-இல் குகு ட்லாமினி என்ற பெண்ணை அந்தப் பக்கத்தில்தான் அடித்துக் கொன்றார்கள். டர்பனின் நடுவே அவர் பெயரில் பூங்கா இருக்கிறது, நாமும் அதைக் கடந்து போய்வந்துகொண்டுதான் இருக்கிறோம்.

பேசுவதற்கு முன் பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்றைச் சுற்றுக்கு விடுவேன். பெயர் போடாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். போன மாதம் ஒரு சீட்டு எட்டாக மடித்து வந்தது. விரித்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: "கிளினிக் வரிசையில் அம்மாவின் சிநேகிதி நின்றால்?" வாசித்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. நம் நாட்டுச் சட்டப்படி 12 வயதிலேயே பெற்றோரைக் கேட்காமல் பரிசோதனை செய்துகொள்ளலாம், ஆணுறையும் வாங்கலாம். வரிசையில் நிற்கும் ஆன்ட்டியின் வாயைக் கட்ட எந்தச் சட்டம் இருக்கிறது?

இன்னொரு சீட்டு: "ஆணுறை கிழிந்தால்?" 72 மணி நேரத்துக்குள் கிளினிக்குக்குப் போனால், தொற்றைத் தடுக்க 28 நாளுக்கு மாத்திரை தருவார்கள். அது தெரியாத பிள்ளைக்கு அந்த மூன்று நாளும் அழுகையிலேயே கழிந்துவிடும்.

பெண் பிள்ளைகளிடம் நான் அதிகம் பேசுவது 'ப்ளெஸ்ஸர்'களைப் பற்றி. ஏர்டைம் போட்டுக் கொடுத்து, நகம் செய்யக் காசு கொடுத்து, காரில் ஏற்றிக்கொள்ளும் பெரிய மனிதர்கள். நம் மாகாணத்து ஆய்வொன்றில், இளம்பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் சராசரியாக எட்டு வயதுக்கும் மேல் மூத்தவர்கள் என்று தெரிந்தது. கூடப் படிக்கிற பையன் வந்தால் கேட்டிலேயே நிறுத்தி விசாரிக்கிறோம். 'அங்கிள்' வந்தால் டீ போட்டுக் கொடுக்கிறோம்!

குளிர் விட்டுப்போகுமா என்றால், யுனெஸ்கோ தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் இல்லை என்றே சொல்கின்றன. பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் சீக்கிரம் ஆரம்பித்துவிடவில்லை.

சரி, அடுத்த ஞாயிறு மகளோடு நீங்களும் வாருங்கள். கடைசி வரிசையில் தள்ளி உட்காருங்கள், அவளுக்குக் கூச்சமாக இருக்கும். டின் உங்களிடமும் வரும். பேனா கொண்டுவாருங்கள், எங்களிடம் இருந்ததையெல்லாம் பையன்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.